காத்திருக்கக்கூடிய காசும் தாய்க் கம்பனிப் பங்கும்: வன்னியில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் கணக்கு எழுதும் வேலை செய்கிறேன். காலபோக நெல் விற்ற கையோடு வருபவர்கள், ஓய்வூதியத்தில் கொஞ்சம் மிச்சம் பிடித்த ஆசிரியர்கள், வெளிநாட்டுப் பிள்ளை அனுப்பியதை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருக்கும் அம்மாக்கள் என்று பலர் பங்குச் சந்தை பற்றிக் கேட்கிறார்கள். நான் பேசுவது பெரும்பாலும் ஒரே விசயத்தைப் பற்றித்தான். பல தொழில்களைக் கையில் வைத்திருக்கும் பெரிய கம்பனி ஒன்றின் பங்கை அதன் பெறுமதிக்குக் குறைந்த விலையில் வாங்கி, பல வருடம் தொடாமல் விடுவது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். கம்பனிப் பெயர்கள் விளக்கத்துக்காக வருகின்றன. இதை வாங்குங்கள் என்று எதையும் நான் சொல்லவில்லை.

ஹோல்டிங்ஸ் கம்பனி என்கிறார்களே, அது என்ன தொழில் செய்கிற கம்பனி?

தொழில் செய்கிற கம்பனிகளைச் சொந்தமாக வைத்திருப்பதுதான் அதன் தொழில். அதனால்தான் தாய்க் கம்பனி என்றும் சொல்கிறோம்.

பரந்தன் பக்கம் எங்கள் பெரியப்பா ஒருவர் இருக்கிறார். வாய்க்கால் கரையில் ஐந்து ஏக்கர் வயல், வளவில் முப்பது தென்னை, ஆறு மாடு, ஒரு உழவு மெசின், வீதியோரம் மகன் நடத்தும் சின்னக் கடை. வயல் போகத்துக்குப் போகம்தான் காசு தரும். மெசின் விதைப்புக் காலத்தில் இரவு பகலாக ஓடும், மற்ற மாதங்களில் தகரக் கொட்டிலுக்குள் நிற்கும். பால் காசு ஒவ்வொரு நாளும் வரும். 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்து வெள்ளம் வயல்களை மூடியபோது அந்த வீட்டை ஓட்டியது கடையும் பாலும்தான். ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்கும். பல தொழில் வைத்திருப்பதில் வெளியே தெரிகிற நன்மை இது.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. இரவுச் சாப்பாடு முடிந்ததும் பெரியப்பா ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்துக்கொண்டு திண்ணையில் இருப்பார். மெசின் உழைத்த காசை இன்னொரு மெசினில் போடுவதா, மாட்டுக்குக் கொட்டில் போடுவதா, கடைக்குப் பெரிய குளிர்சாதனப் பெட்டி வாங்குவதா, ஒன்றும் செய்யாமல் வங்கியில் வைத்துவிட்டு அடுத்த வருடம் பக்கத்து வயல் விலைக்கு வந்தால் வாங்குவதா என்று கணக்குப் பார்ப்பார். ஒரு தொழிலில் மிஞ்சுகிற காசை எந்தத் தொழிலுக்குக் கொடுப்பது என்ற அந்த ஒரு முடிவுதான் ஹோல்டிங்ஸ் கம்பனியின் உயிர். அதன் பங்கை வாங்கும்போது நீங்கள் வயலையும் மாட்டையும் மட்டும் வாங்கவில்லை, அந்தக் கொப்பியில் எழுதுகிற ஆளையும் சேர்த்து வாங்குகிறீர்கள்.

இலங்கையில் அப்படிப்பட்ட கம்பனிகள் எவை? எங்களுக்குத் தெரிந்தவையா?

பெயர் தெரியாவிட்டாலும் பொருள் தெரியும். கடையில் பிள்ளை கேட்கிற எலிபன்ட் ஹவுஸ் ஐஸ்கிரீம் சிலோன் கோல்ட் ஸ்டோர்ஸ் என்ற கம்பனியுடையது. அந்தக் கம்பனியில் 80 சதவீதத்துக்கு மேல் ஜோன் கீல்ஸ் ஹோல்டிங்ஸிடம் இருக்கிறது. அதே ஜோன் கீல்ஸிடம் கீல்ஸ் சுப்பர்மார்க்கெட், சினமன் ஹோட்டல்கள், யூனியன் அஷ்யூரன்ஸ் காப்புறுதி, கொழும்புத் துறைமுகத்தில் கொள்கலன் முனையப் பங்கு எல்லாம் உண்டு. பச்சைக் குழந்தைக்குப் பூசும் பேபி செரமி, ஹேமாஸ் குழுமத்துடையது. வயலில் நிற்கும் குபோட்டா மெசினுக்கு இங்கே முகவர் ஹேலிஸ் குழுமத்து விவசாயக் கம்பனி. தவணைக்கு மோட்டார், தொலைக்காட்சி வாங்கப் போகிற சிங்கர் காட்சியறையும் 2017 முதல் ஹேலிஸ் கையில்தான்.

ஹேலிஸ் 1878இல் காலியில் தொடங்கியது. ஜோன் கீல்ஸின் வேர் 1870இல் இருக்கிறது. இரண்டு உலகப் போரையும், 1983 கலவரத்தையும், 2022 பொருளாதார நெருக்கடியையும் தாண்டி இவை நிற்கின்றன. பழைய கம்பனி என்பதற்காக மட்டும் நல்ல கம்பனி ஆகிவிடாது. ஆனால் எத்தனை விதமான கெட்ட காலத்தைத் தாங்கியது என்று பார்க்க முடிகிறதே, அது ஒரு புதுக் கம்பனியிடம் கிடைக்காத தகவல்.

பெறுமதி, விலை என்று இரண்டாகப் பிரிக்கிறீர்கள். விலைதானே பெறுமதி?

மீள்குடியேறிய முதல் இரண்டு வருடம் நினைவிருக்கிறதா? வெளிநாடு போக அவசரமாகக் காசு தேவைப்பட்டவர்கள் நல்ல நீர்ப்பாய்ச்சல் உள்ள வயலை என்ன விலைக்குக் கொடுத்தார்கள்? அந்த வயல் அன்றும் அதே மூடை நெல்தான் தந்தது. விலையை இறக்கியது விற்றவரின் அவசரம். பங்குச் சந்தையில் இப்படி அவசரப்பட்டு விற்பவர்கள் ஒவ்வொரு நாளும் இருப்பார்கள். வீண் ஆசையில் பெறுமதிக்கு மேலே கொடுத்து வாங்குபவர்களும் இருப்பார்கள்.

ஹோல்டிங்ஸ் கம்பனியின் பெறுமதியை ஓரளவு நீங்களே கூட்டிப் பார்க்கலாம். ஒரு கற்பனைக் கணக்கு சொல்கிறேன். தாய்க் கம்பனிக்கு ஒரு குளிர்பானக் கம்பனியில் 60 சதவீதம் இருக்கிறது. அந்தக் குளிர்பானக் கம்பனி முழுவதற்கும் சந்தை விலை 100 கோடி, ஆகவே இவர்கள் பங்கு 60 கோடி. ஒரு வங்கியில் 30 சதவீதம் இருக்கிறது. வங்கியின் சந்தை விலை 200 கோடி, ஆகவே இன்னொரு 60 கோடி. சந்தையில் பட்டியலிடாத ஹோட்டல் ஒன்று, கஞ்சத்தனமாக மதித்தாலும் 50 கோடி. மொத்தம் 170 கோடி. தாய்க் கம்பனியின் கடன் 30 கோடியைக் கழித்தால் 140 கோடி. பங்குகள் 10 கோடி என்றால் பங்குக்கு 14 ரூபாய். சந்தையில் அது 9 ரூபாய்க்குப் போகிறது என்றால், 14 ரூபாய்ச் சொத்தை 9 ரூபாய்க்கு ஒருவர் நீட்டுகிறார் என்று அர்த்தம்.

அந்த 5 ரூபாய் இடைவெளி உடனே வருகிற இலாபம் இல்லை. என் கணக்கில் பிழை இருந்தால் தாங்குவதற்கான இடைவெளி அது. ஹோட்டலை 50 கோடி என்று நான் மதித்தது பிழையாகி, அது 20 கோடிதான் பெறுமென்றாலும் பங்குக்கு 11 ரூபாய் நிற்கிறது. வாய்க்கால் வரம்பை நீர் மட்டத்துக்குச் சரியாக அல்லாமல் ஒரு முழம் கூட்டித்தானே போடுகிறோம்.

பெரிய குழுமங்கள் எப்போதும் கூட்டுத்தொகைக்குக் கீழேதான் விற்கின்றன என்கிறார்கள். அப்படியென்றால் அது மலிவு இல்லையே?

நல்ல கேள்வி. இதைக் கேட்டவர் முல்லைத்தீவிலிருந்து வந்த ஒரு கணித ஆசிரியை.

உண்மைதான், உலகம் முழுவதும் பல தொழில் குழுமங்களுக்குச் சந்தை ஒரு கழிவு போட்டுத்தான் விலை வைக்கும். காரணம் உண்டு. தலைமை அலுவலகச் செலவு எல்லாத் தொழிலின் மேலும் ஏறுகிறது. ஒரு நல்ல தொழில் உழைப்பதை இன்னொரு நட்டத் தொழில் தின்றுவிடலாம். தேயிலையும் துறைமுகமும் காப்புறுதியும் ஒன்றாகக் கலந்த கணக்கை வெளியே இருந்து பார்ப்பவர் முழுதாக விளங்கிக்கொள்வதும் கடினம்.

ஆகவே கழிவு இருக்கிறது என்பது மட்டும் வாங்கக் காரணம் ஆகாது. அந்தக் கழிவுக்குள் கம்பனி என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்கவேண்டும். ஜோன் கீல்ஸ் கொழும்பில் கட்டிய பெரும் கட்டடத் தொகுதியை எடுங்கள். 2014இல் வேலை தொடங்கியது. நூறு கோடி டொலருக்கு மேல் போட்டார்கள். இடையில் 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு, பிறகு கொரோனா, பிறகு 2022. ஹோட்டல் 2024 ஒக்டோபரில் திறந்தது, கசினோ 2025 ஓகஸ்டில். ஏறத்தாழ பத்து வருடம் அந்தக் காசில் பெரும்பகுதி உழைக்காமல் கொங்கிறீட்டாக நின்றது. சுப்பர்மார்க்கெட்டும் துறைமுகமும் நல்லபடி உழைத்தாலும் பங்குக்காரர் காத்திருக்க வேண்டியிருந்தது. இனி அந்தத் தொகுதி நன்றாக உழைத்தால் காத்திருந்தவருக்குப் பலன், உழைக்காவிட்டால் அந்த வருடங்கள் போனதுதான். இதை முன்கூட்டியே சொல்ல எவராலும் முடியாது. ஆனால் பத்து வருடம் காத்திருக்க முடியாத காசோடு ஒருவர் இதற்குள் போயிருந்தால் அவருக்கு என்ன நடந்திருக்கும் என்று சொல்ல முடியும்.

வாரன் பஃபெட் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அவர் உண்மையில் என்ன செய்தார்?

நலிந்துபோன ஒரு துணி ஆலையை உலகத்தின் மிகப்பெரிய ஹோல்டிங்ஸ் கம்பனிகளில் ஒன்றாக மாற்றினார். அமெரிக்காவில் பேர்க்ஷயர் ஹாத்தவே என்ற அந்த ஆலையின் பங்குகளை 1962இல் வாங்கத் தொடங்கி, 1965இல் கம்பனியைக் கையில் எடுத்தார். அதை வாங்கியதே பிழை என்று பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் பிழைக்குப் பிறகு செய்ததுதான் நாங்கள் படிக்கவேண்டியது. ஆலையில் வந்த காசை ஆலைக்கே திருப்பிக் கொட்டவில்லை. 1967இல் ஒரு காப்புறுதிக் கம்பனியை 86 இலட்சம் டொலருக்கு வாங்கினார். காப்புறுதியில் கட்டணம் முதலில் வரும், இழப்பீடு பிறகு போகும், இடையில் அந்தக் காசு கையில் நிற்கும். அந்தக் காசைக் கொண்டு வேறு தொழில்களை வாங்கினார். 1972இல் சீஸ் என்ற இனிப்புக் கம்பனியை இரண்டரைக் கோடி டொலருக்கு வாங்கினார். துணி ஆலை 1985இல் மூடப்பட்டது. பெயர் மட்டும் மிஞ்சியது.

பெரியப்பாவின் கொப்பிக்கும் இதற்கும் வித்தியாசம் அளவில்தான். மெலிந்துபோகிற தொழிலுக்கு, அது தன் முதல் தொழில் என்ற பாசத்துக்காகக் காசைத் தின்னக் கொடுக்கவில்லை.

1965 முதல் 2024 வரை பேர்க்ஷயர் பங்கு சராசரியாக வருடம் 19.9 சதவீதம் வளர்ந்தது. அதே காலத்தில் அமெரிக்காவின் 500 பெரிய கம்பனிகளின் சுட்டெண் பங்கிலாபத்தையும் (கம்பனி தன் இலாபத்திலிருந்து பங்குக்காரருக்குப் பிரித்துக் கொடுக்கும் காசு) சேர்த்து 10.4 சதவீதம். அவருடைய கூட்டாளி சார்லி மங்கர் 2023 நவம்பரில் 99 வயதில் காலமானார். பஃபெட் 2025 முடிவோடு நிர்வாகப் பொறுப்பை கிரெக் ஏபலிடம் கொடுத்தார். இனி அந்தக் கொப்பியில் எழுதுவது வேறு கை. பழைய வளர்ச்சி வீதத்தைப் பார்த்து இன்று அதை வாங்குகிறவர்கள் இதை யோசிக்கவேண்டும்.

நீண்டகாலம் என்றால் எத்தனை வருடம்?

குறைந்தது பத்து. பனங்கொட்டை நட்டவர்களின் பிள்ளைகள் நாங்கள், இந்தக் கணக்கு எங்களுக்குப் புதிதல்ல.

இடையில் விலை விழுந்தால்?

விழும். விழாமல் ஒரு பங்கும் ஏறியதில்லை. பேர்க்ஷயரையே பாருங்கள். 1973இல் 93 டொலர், 1975இல் 38. 1987 ஒக்டோபரில் 4,250இலிருந்து 2,675. 1998இல் 80,900, 2000இல் 41,300. 2008இல் 147,000, 2009இல் 72,400. நான்கு தடவை விலை மூன்றில் ஒன்றுக்கு மேல் விழுந்தது, அதில் இரண்டு தடவை பாதிக்கும் கீழே போனது. நான்கு தடவையும் கம்பனிக்குள் தொழில்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

எங்கள் சந்தையில் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2022 ஜனவரியில் 13,000ஐத் தாண்டியது. அதே வருட நடுவில் 8,000க்குக் கீழே. ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது, சந்தையையே ஒரு கிழமை மூடி வைத்தார்கள். பெற்றோலுக்கு வரிசையில் நின்றபடி என்னைத் தொலைபேசியில் அழைத்த ஒரு தம்பி, "அண்ணை, எல்லாத்தையும் வித்திடவா?" என்று கேட்டார். அந்தக் காசு எதற்கு வேண்டும் என்று கேட்டேன். இப்போதைக்கு ஒன்றுக்கும் இல்லை என்றார். அப்படியென்றால் விடுங்கள் என்றேன். விட்டார். 2025இல் சுட்டெண் 20,000ஐத் தாண்டியது.

அந்தத் தம்பி அழைத்த அதே மாதம் இன்னொருவர் விற்றார். மகளின் பல்கலைக்கழகச் செலவுக்கு வைத்திருந்த காசு அது, விற்காமல் வழியில்லை. இரண்டு பேரும் வாங்கியது ஒரே பங்கு. அவர் மேல் பிழை சொல்ல மாட்டேன். அந்தக் காசு பங்குக்குள் போயிருக்கக்கூடாது என்பதை நான் அவருக்கு முன்னமே சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும். அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

நகையை அடகு வைத்து, அல்லது நுண்கடன் எடுத்துப் பங்கு வாங்கலாமா?

கூடாது. கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில் வந்து நிற்கிற கடனுக்கு, பத்து வருடம் பொறுக்கவேண்டிய பங்கைக் கொண்டு பதில் சொல்ல முடியாது. சீட்டுக் காசு, விதைநெல் காசு, உரத்துக்கு வைத்த காசு, வீட்டுத் திட்டத்துக்குச் சேர்த்த காசு, இவையும் கூடாது. நுண்கடன் இருந்தால் முதலில் அதைக் கட்டி முடியுங்கள். அதைவிட நல்ல முதலீடு உங்களுக்கு எந்தச் சந்தையிலும் கிடைக்காது.

நிலையான வைப்பு இருக்கும்போது இந்தத் தலையிடி எதற்கு?

ஆறு மாதச் சாப்பாட்டுக்கும் வைத்தியத்துக்கும் தேவையான காசு வங்கியில்தான் இருக்கவேண்டும். அதற்கு மேல் உள்ளதைப் பற்றித்தான் பேச்சு.

2021இல் ஐந்து, ஆறு சதவீதத்துக்கு வைப்பில் போட்டவர்களை நினைத்துப் பாருங்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஒரு வருடத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் ஏறியிருந்தது. 200 ரூபாயளவில் இருந்த டொலர் 360ஐத் தொட்டது. புத்தகத்தில் இலக்கம் குறையவில்லை, ஆனால் அந்தக் காசுக்கு வாங்கக்கூடிய யூரியா மூடை எத்தனை என்று பார்த்தவருக்குத் தெரியும். மறுபக்கம், 2022 முடிவில் திறைசேரி உண்டியல் (அரசு குறுகிய காலத்துக்கு வாங்கும் கடன்) வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியது. அந்த நேரம் அதில் போட்டவர்கள் நன்றாகவே உழைத்தார்கள். ஆகவே வட்டி எப்போதும் தோற்கும் என்று நான் சொல்லவில்லை.

பல தொழில் குழுமத்துக்கு இங்கே ஒரு வசதி உண்டு. ஹேலிஸ் குழுமத்தில் தென்னஞ்சிரட்டைக் கரியிலிருந்து செயலூட்டிய கரி செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஹேகார்ப் இருக்கிறது, இறப்பர் கையுறை செய்யும் கம்பனி இருக்கிறது. இவற்றுக்கு வருமானம் டொலரில். ரூபாய் விழுந்தால் அந்த வருமானம் ரூபாய்க் கணக்கில் வீங்கும். அதே குழுமத்தில் இறக்குமதி செய்து விற்கும் பிரிவுக்கு அதே நேரம் அடி விழும். பெரியப்பா வீட்டில் மழை வயலைக் கெடுத்தபோது பால் தாங்கியது போலத்தான்.

2009இல் எல்லாவற்றையும் இழந்தோம். கண்ணுக்குத் தெரியாத பங்கை எப்படி நம்புவது?

இந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

எங்கள் அம்மா காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், வங்கிப் புத்தகம் மூன்றையும் இரண்டு சொப்பின் பைகளில் சுற்றி, இடுப்பில் துணியால் கட்டிக்கொண்டு போரின் கடைசி நாட்களில் வட்டுவாகல் பாலம் கடந்தவர். தண்ணீர் பட்டு வங்கிப் புத்தகத்தின் ஒரு மூலை கரைந்துவிட்டது. கணக்கு இலக்கத்தில் கடைசி மூன்று எண்கள் நீல மையாகக் கலங்கிப்போய் இருந்தன. மெனிக்பாம் முகாமிலிருந்து வந்தபிறகு வங்கிக்குப் போனோம். பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் வைத்துத் தேடினார்கள். கணக்கு இருந்தது, காசு இருந்தது. நகை அப்படித் திரும்பவில்லை. அம்மாவுடையது மட்டுமல்ல, வன்னியில் எத்தனையோ பேருடையது. போர்க் காலத்தில் கிடைத்ததாக இராணுவம் வைத்திருந்த நகைகளில் ஒரு பகுதி 2025 மே மாதம்தான் பொலிசாரிடம் கையளிக்கப்பட்டது.

இன்று பங்கு கடதாசியில் இல்லை. சீ.டீ.எஸ். என்று சொல்கிற மத்திய வைப்பகத்தில், உங்கள் பெயரிலும் அடையாள அட்டை இலக்கத்திலும் மின்பதிவாக இருக்கிறது. தரகர் கம்பனி மூடினாலும் பங்கு உங்களுடையதுதான். வீடு எரிந்தாலும், வெள்ளம் வந்தாலும், இடம்பெயர்ந்தாலும் பதிவு அழியாது.

இதனால் எல்லா ஆபத்தும் தீர்ந்ததென்று சொல்ல மாட்டேன். கம்பனி நொடிக்கலாம், நாடு திரும்பவும் தடுமாறலாம். கையில் கொஞ்சம் நகை, கொஞ்சம் வைப்பு, காணி, இவற்றோடு ஒரு பகுதியாகப் பங்கு இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு வேறு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை.

எப்படித் தொடங்குவது? கொழும்புக்குப் போகவேண்டுமா?

வேண்டியதில்லை. 2020 முதல் கொழும்பு பங்குச் சந்தையின் கைத்தொலைபேசிச் செயலியிலேயே கணக்குத் திறக்கலாம். அடையாள அட்டை, வங்கிக் கணக்கு வேண்டும். ஒரு தரகர் கம்பனியைத் தெரிவு செய்யவேண்டும். அது பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் அனுமதி பெற்றதா என்று பாருங்கள். யாழ்ப்பாணத்தில் சந்தையின் கிளை ஒன்றும் இருக்கிறது. முகம் பார்த்துக் கதைத்துத் தொடங்க விரும்புபவர்கள் அங்கே போகலாம்.

செலவு: வாங்கும்போது 1.12 சதவீதம், விற்கும்போதும் 1.12. ஒரு இலட்சத்துக்கு 1,120 ரூபாய் வீதம். ஒரு தடவை வாங்கிப் பத்து வருடம் வைத்திருப்பவருக்கு இது ஒன்றுமே இல்லை. மாதம் ஒரு தடவை வாங்கி விற்பவர் வருடத்துக்கு ஏறத்தாழ 27 சதவீதத்தைக் கட்டணமாகவே கொடுத்து முடிப்பார்.

ஒரேயடியாகப் போடாதீர்கள். போகத்துக்குப் போகம், அல்லது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, சிறு தொகையாக.

ஆண்டறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில், முன்னூறு பக்கம். எதைப் பார்ப்பது?

முழுவதையும் வேண்டாம். பிரிவு வாரியான கணக்கு என்று ஒரு அட்டவணை இருக்கும். எந்தத் தொழிலில் எவ்வளவு காசு போட்டு எவ்வளவு உழைத்தார்கள் என்று அதில் தெரியும். ஒரு பிரிவு ஐந்து வருடமாக நட்டம், ஆனாலும் அதற்குள்ளேயே மேலும் காசு போகிறதென்றால், ஏன் என்று கேளுங்கள். அப்புறம், இலாபம் என்று எழுதியிருப்பதற்கும் தொழிலிலிருந்து உண்மையில் கைக்கு வந்த காசுக்கும் உள்ள வித்தியாசம். காணி, கட்டடத்தின் மதிப்பைக் கூட்டி எழுதியும் இலாபம் காட்டலாம். அந்த இலாபத்தைக் கொண்டு சம்பளம் கொடுக்க முடியாது. கடன் எவ்வளவு, அதில் டொலர்க் கடன் எவ்வளவு என்பதையும் பாருங்கள். பங்குகளின் எண்ணிக்கை பத்து வருடத்தில் எவ்வளவு கூடியது என்பதும் முக்கியம். கம்பனி வளர்கிறது, ஆனால் புதுப் பங்கு வெளியிட்டுக்கொண்டே போனால் உங்கள் துண்டு சிறுத்துக்கொண்டே போகும். ஒரு பங்கைப் பத்தாகப் பிரிப்பது வேறு விசயம். ஜோன் கீல்ஸ் 2024இல் அப்படிச் செய்தது. ஆயிரம் ரூபாய்த் தாளைப் பத்து நூறாக மாற்றுவது போல, அதில் இலாபமும் இல்லை நட்டமும் இல்லை.

நான் விரும்பிச் செய்கிற ஒன்று உண்டு. ஐந்து வருடத்துக்கு முந்தைய அறிக்கையை எடுத்துத் தலைவர் செய்தியைப் படிப்பேன். அன்று என்ன செய்வோம் என்றார்கள், இன்று செய்தார்களா, செய்யாவிட்டால் ஏன் என்று சொல்லியிருக்கிறார்களா? பிழையை ஒத்துக்கொள்கிற தலைமையிடம் என் காசை விட எனக்குப் பயமில்லை.

பங்கிலாபம் நிறையத் தருகிற கம்பனிதானே நல்லது?

தேவையைப் பொறுத்தது. ஓய்வுபெற்றவருக்குக் கையில் காசு வருவது உதவி. அதில் 15 சதவீதம் வரியாகக் கழிந்துதான் வரும். பஃபெட் காலத்தில் பேர்க்ஷயர் 1967இல் ஒரே ஒரு தடவை, பங்குக்கு 10 சதம் கொடுத்ததோடு சரி. அந்தக் காசை உங்களைவிட நன்றாகப் பெருக்க முடிந்தால் கம்பனி வைத்திருக்கட்டும், முடியாவிட்டால் தந்துவிடட்டும்.

கனடாவில் இருக்கும் தம்பி பேர்க்ஷயர் வாங்கலாமா? நாங்கள் இங்கிருந்து வாங்கலாமா?

தம்பி வாங்கலாம். அங்கே சாதாரணத் தரகர் கணக்கு போதும். ஏ வகுப்புப் பங்கு மிகப் பெரிய விலை. பி வகுப்பு அதில் ஆயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு. இங்கிருந்து ரூபாயை டொலராக்கி வெளியே முதலீடு செய்வது 2017ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வரும். வங்கியில் கேட்காமல், யாரோ ஒருவர் கைமாற்றிச் செய்து தருகிறேன் என்றால் போகாதீர்கள்.

மாதம் பத்து வீதம் தருவதாக ஒருவர் வாட்சப்பில் சொல்கிறார். அதுவும் முதலீடுதானே?

இல்லை. ஆட்களைச் சேர்த்தால் உங்களுக்குக் காசு என்று சொல்வது பிரமிட் திட்டம். வங்கித் தொழில் சட்டத்தின் 83சி பிரிவின்படி அது குற்றம். மத்திய வங்கி தடை செய்த திட்டங்களின் பெயர்ப் பட்டியலை வெளியிடுகிறது, பாருங்கள். வருடம் 20 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக அறுபது வருடம் உழைத்த மனிதரை உலகமே தலையில் வைத்திருக்கிறது. மாதம் பத்து வீதம் தருபவர் உங்களை ஏன் தேடி வருகிறார்?

நானும் ஏமாந்திருக்கிறேன், வேறு விதமாக. போர் முடிந்து சந்தை பறந்த காலம் அது. 2011 தொடக்கத்தில் சுட்டெண் உச்சியில் நின்றபோது, நண்பர் ஒருவர் சொன்ன சின்னக் கம்பனிப் பங்கை, அது என்ன உழைக்கிறது என்று கூடப் பார்க்காமல் ஏழு மாதச் சேமிப்புக்கு வாங்கினேன். அடுத்த வருடம் கையில் மிஞ்சியது ஒன்றரை மாதச் சேமிப்பு. பிரிவு வாரியான அட்டவணையை நான் முதலில் தேடுவது அதற்குப் பிறகு வந்த பழக்கம்.

எப்போது விற்பது?

காசு உண்மையில் தேவைப்படும் நாள் வந்தால். வாங்கிய காரணம் பொய்த்துப்போனால், உதாரணமாக நல்ல தொழில்களை விற்று நலிந்த தொழிலுக்குக் கொட்டத் தொடங்கினால். பெறுமதி 14 என்று நீங்கள் கணித்ததற்கு ஆட்கள் 30 கொடுத்தால். விலை ஏறியது, விலை இறங்கியது என்பது மட்டும் காரணம் இல்லை.

வீட்டில் யாருக்காவது சொல்லிவைக்க வேண்டுமா?

கட்டாயம். சென்ற வருடம் ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு அக்கா வந்தார். கணவர் மாரடைப்பில் போய்விட்டார். கைத்தொலைபேசியில் ஏதோ செயலி இருக்கிறது, அதற்குள் காசு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை என்றார். மறைசொல் தெரியாது, தரகர் யார் என்று தெரியாது. பழைய மின்னஞ்சல் ஒன்றில் தரகர் பெயரைக் கண்டுபிடித்து, மரணச் சான்றிதழும் நீதிமன்ற ஆவணங்களும் சேர்த்து அலைந்துகொண்டிருக்கிறார். முடிந்தால் கணவன் மனைவி கூட்டுக் கணக்காகத் திறவுங்கள். சீ.டீ.எஸ். கணக்கு இலக்கம், தரகர் பெயர், தொலைபேசி எண், என்ன பங்கு எத்தனை, ஏன் வாங்கினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, காணி உறுதி இருக்கிற பையிலேயே வையுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை, தைப்பொங்கல் முடிந்த கிழமையில், அந்தத் தாளைப் பிள்ளைகளுக்கு முன்னால் எடுத்து வாசியுங்கள்.